நூறிலிருந்து ஏழு

எழுபதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர் கடற்கரையில் சந்தித்தால் மறதியைப் பற்றிப் பேசாமல் பிரிவதில்லை. "டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்கிறார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறார்" என்று சிரிப்பார்கள். சிரிப்புக்குள் பயமும் இருக்கும்.

நோயாளியைக் கேள்வி கேட்டு மூளையின் நிலையை அறியும் இந்த முறைக்குப் பெரிய உந்துதல் பாரீசிலிருந்து வந்தது. 1905ல் அல்ஃப்ரெட் பினேயும் டாக்டர் தெயோதோர் சிமோனும் 30 சிறு சோதனைகளை எளிதிலிருந்து கடினமாக அடுக்கினார்கள். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று கண்டறியத்தான். அறிவு மாறாத ஓர் அளவு என்ற எண்ணத்தைப் பினே எதிர்த்தார். 1911ல் அவர் காலமானார். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து இறங்கிய ஏழைகளை மொழிபெயர்ப்பாளர் மூலம் அதே சோதனையால் அளந்து, பலரை மந்தபுத்திக்காரர் என்று எழுதிவிட்டார்கள். ஃபைலில் ஒருமுறை ஏறிய சொல் லேசில் இறங்காது; குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு அது தெரியும்.

ஏழு கழிக்கும் கணக்கு பழையதுதான். 1975ல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனை அதை உலகெங்கும் கொண்டுபோனது. அதில் ஒரு வாசகத்தைப் படித்து அதன்படி செய்ய வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டி என்ன செய்வாள்? மறதியே இல்லாமல் மதிப்பெண் இழப்பாள்.

ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் வேலை செய்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். 1995ல் வந்த அவர்களுடைய இந்திச் சோதனையில் ஏழு போய், இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்தல் வந்தது. படிப்பதற்குப் பதில், "என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று கண்ணை மூடிக் காட்டினார்கள். எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள்.

படித்தவர்களுக்கும் மொழிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான் இன்றும் மனக்கணக்கைப் பிரெஞ்சில்தான் போடுகிறேன். தொண்ணூற்று மூன்று எனக்குக் 'கத்ர்-வேன்-த்ரேஸ்', அதாவது நான்கு இருபதும் பதின்மூன்றும். எழுபத்தொன்பது, அறுபதும் பத்தொன்பதும். தமிழில் கேட்டால், மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு நொடி கூடுதலாக வேண்டும். நம்மூர் சொல்தாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சோதிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: எந்த மொழியில் எண்ணுகிறோம், எத்தனை வகுப்பு படித்தோம், கண்ணாடி எடுத்து வந்தோமா என்று.

படிக்காதவர்களையும் சரியாக மதிப்பிடும் முறையைத் தேடிய '10/66' உலக ஆய்வுக்குழு, சென்னையிலும் வேலூரிலும் நம் தமிழ் முதியவர்களிடம் பேசியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தொகுப்பு 2020ல் வெளியானபோது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் சரிபார்க்கப்பட்டிருந்தது. மாஹேக்காரருக்கும் ஏனாம்காரருக்கும் முதல் பந்தியிலேயே இலை போட்டாகிவிட்டது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அந்தப் பந்தியில் இடமில்லை.