வெறுந்தாங்கியின் கறள்

எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் பல்லாண்டுகளாகக் கிடந்த ஐயாவின் பி.எஸ்.ஏ. பான்ரம் மோட்டார் சைக்கிளை அண்மையில் வெளியே எடுத்தோம். அதனை மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்பது பேரனின் ஆசை. எரிபொருள் தாங்கியின் மூடியைத் திறந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தவன், "தாத்தா, உள்ளுக்கு ஒரே கறள்" என்றான். அக்கறளுக்குக் காரணமானவன் நானே என்பதை அன்று அவனிடம் கூறவில்லை. இங்கு எழுதுகிறேன்.

பான்ரத்தின் பிறப்பே ஒரு போரின் விளைவு ஆகும். ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1939இல் ஆர்.ரி. 125 என்ற சிறிய மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபின் அதன் வடிவமைப்பு, போர் இழப்பீடாக வென்ற நாடுகளின் கைக்குச் சென்றது. பேர்மிங்காமில் இயங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம், கியர் மிதி வலப்புறம் அமையும்படி அவ்வடிவத்தைக் கண்ணாடிப் பிம்பம் போல இடம் வலமாக மாற்றி, 1948இல் பான்ரம் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனும் அதே வடிவத்தை எடுத்தாண்டன. 1955இல் வெளிவந்த யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளும் அதனைப் பின்பற்றியதே.

ஐயா ஐம்பதுகளின் இறுதியில் அதனை வாங்கினார். அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபின் புதிய வாகனம் வாங்குவது அரிதாயிற்று. ஆதலால் யாழ்ப்பாணத்தவர் தம்மிடமிருந்த மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் பி.எஸ்.ஏ.க்களையும் பேணிப் பாதுகாக்கப் பழகினர். பள்ளிக்கூட ஆசிரியரான ஐயாவும் அவ்வாறே பேணினார். தாங்கியை ஒருபோதும் வெறுமையாக விடமாட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. பான்ரத்தின் தாங்கி ஏறத்தாழ எட்டு லீற்றர் கொள்ளும் உருக்குத் தகட்டாலானது. வெளியே வர்ணப்பூச்சு உண்டு. உள்ளே வெறும் உலோகம். தாங்கி நிறைந்திருக்கும்போது உலோகத்தைக் காற்று தீண்டுவதில்லை. வெறுமையானதும் மூடியிலுள்ள சிறு துளை வழியாக அது மூச்சுவிடத் தொடங்குகிறது. பகல் வெப்பத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்று உள்ளே வரும். அந்த ஈரம் தகட்டில் பனித்துளியாகப் படியும். மூன்று புறமும் கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் காற்றில் உப்பும் உண்டு. உப்பு கறளை விரைவுபடுத்தும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கிற்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றுபோயிற்று. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அச்சுத்தாள் இன்றிப் பள்ளிக் கொப்பித் தாளிலும் செய்தித்தாள் அச்சாகிய காலம் அது.

வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெய் இயக்காது. அது பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எனவே சிறிய பிளாஸ்டிக் போத்தலில் பெற்றோலை வைத்துக்கொண்டு, சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்போம். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய் போதும். வீதியெங்கும் புகை மண்டும். அச்சில துளிகள் இல்லையெனில் வாகனம் நகராது. ஆகவே பெற்றோல் மருந்துபோலத் துளிக்கணக்கில் மதிக்கப்பட்டது.

அப்பொழுது நான் நாளேடொன்றில் செய்தியாளன். என்னிடம் ஹொண்டா 50 ஒன்று இருந்தது, பெற்றோல் இல்லை. ஐயாவின் தாங்கியில் இரண்டு போத்தல் அளவு எஞ்சியிருந்தது. எவரேனும் நோயுற்றால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று அவர் காத்து வைத்தது அது. செய்திக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"எடு தம்பி. ஆனால் தாங்கியை வெறுமையா விடாதை. ஏதாவது எண்ணெய் விட்டுக் குலுக்கி வை."

குழாயைத் திறந்து பெற்றோலை வடித்தெடுத்தேன். பான்ரத்தின் இயந்திரத்திற்கு எண்ணெய் கலந்த பெற்றோலே ஊற்ற வேண்டும். அதனால் அந்தத் துளிகள் என் ஹொண்டாவில் சற்றுக் கூடுதலாகப் புகைந்தன. ஆயினும் இயந்திரம் பற்றிக்கொண்டது. பல மாதங்கள் அதனைக் கொண்டே குண்டு விழுந்த இடங்களுக்கும் அகதி முகாம்களுக்கும் சென்று வந்தேன். செய்திகள் என் பெயரில் வந்தன. பெற்றோல் ஐயாவுடையது. தாங்கிக்கு எண்ணெய் விடவில்லை. சமையலுக்கே எண்ணெய் தட்டுப்பாடு என்று எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன். உண்மையில் மறந்துபோனேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பான்ரத்தைக் கொட்டிலில் விட்டுச் சென்றோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது ஓலைக் குவியலின் கீழ் அது அப்படியே கிடந்தது. ஐயா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்; ஒன்றும் கூறாமல் மூடினார். 1998இல் அவர் காலமானார். 2002இல் தடை தளர்ந்து, ஏ9 பாதையும் திறந்து, பெற்றோல் தாராளமாகக் கிடைத்தபோதும் அதனைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

இப்பொழுது பேரனுடன் சேர்ந்து தாங்கியைக் கழற்றினேன். முதலில் சவர்க்கார நீரால் பலமுறை கழுவினோம். பழைய பெற்றோலின் ஆவி எஞ்சியிருந்தால் ஒரு தீப்பொறியே பேராபத்தாகும். பின்னர் சிறு கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினோம். செதிள் செதிளாகக் கறள் கொட்டியது. இச்செதிள்களே குழாயின் வடிகட்டியையும் காபரேற்றரின் நுண்துளையையும் அடைத்து இயந்திரத்தை நிறுத்துபவை.

அடுத்து, வெந்நீரில் ஏறத்தாழ அரைக் கிலோ சித்திரிக் அமிலத்தைக் கரைத்து நிரப்பி, ஒரு நாள் முழுவதும் வைத்தோம். தேசிக்காயின் புளிப்பு இவ்வமிலமே. கறளைக் கரைக்கும், நல்ல உலோகத்தை அதிகம் தின்னாது. கடையில் விற்கும் கடும் அமிலங்கள் தகட்டையும் சேர்த்து அரிக்கும். அமிலத்தை வெளியேற்றியபின் அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி உடனே உலர்த்த வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரே புதிய கறள் படரும். உலர்ந்ததும் எண்ணெய் விட்டுக் குலுக்க வேண்டும். ஐயா சொன்ன அதே வேலைதான்.

கறள் நீங்கியதும் மூன்று ஊசித் துளைகள் வெளிப்பட்டன. இத்தாங்கி, சட்டத்தின் குழாய்க்கு இருபுறமும் சேணம் போலத் தொங்குவது. பெற்றோல் குழாய் ஒரு புறத்தில் மட்டுமே உண்டு. மறுபுறத்தின் அடியில் நீர் தேங்கித் தகட்டை அரித்திருந்தது. அதுவரை கறளே அத்துளைகளை அடைத்துக்கொண்டிருந்தது. தெரிந்த கராஜ்காரர் ஒருவர் தாங்கியில் நீர் நிரப்பி, வேலை செய்யும் இடத்தை மட்டும் நீருக்கு வெளியே வைத்து, ஈயம் பற்றவைத்து மூடித் தந்தார்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு நான்கு லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பங்கீடு வந்தது. இப்படியொரு நிலை இத்தீவில் முன்னொருபோதும் வந்ததில்லை என்று கொழும்பு நண்பர் ஒருவர் தொலைபேசியில் வருந்தினார். அவர் நல்லவர், பொய் கூறவில்லை. வடக்கில் ஒரு தலைமுறை பெற்றோலைத் துளியாக எண்ணி வாழ்ந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. அவருக்கு அதனை எடுத்துக் கூறியிருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற செய்தியாளர்கள். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலை நாம் எழுதினோம். ஒவ்வொரு வீட்டிலும் எது வெறுமையாயிற்று என்பதை எழுதவில்லை.

சென்ற வாரம் தாங்கியை நிரப்பினோம். நிரப்பு நிலையத்தில் வரிசை இல்லை. ஏழெட்டு உதையில் இயந்திரம் இயங்கியது. பேரன் ஒழுங்கையின் முடிவுவரை ஓட்டிச் சென்று திரும்பினான். அந்த இரண்டு போத்தல் பெற்றோலின் கதையை அதன்பின்னரே அவனிடம் கூறினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இனி வெறுமையா விடமாட்டம்" என்று கூறி, மூடியை மீண்டும் ஒருமுறை இறுக்கினான்.