தங்கக் கட்டியும் மெட்டல் டிடெக்டரும்

கோலார் தங்கவயலில் பிறந்தவன் என்று சொன்னாலே, "அப்போ வீட்டுல மூட்டை மூட்டையா தங்கம் இருக்குமே சார்!" என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் சுரங்க வேலைதான். ஆனால் அடகுக் கடைக்குப் போகாத தாலி எங்கள் தெருவில் அபூர்வம். அங்கே தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. வெண்கல் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கலந்திருக்கும். ஒரு டன் பாறையை வெடி வைத்து உடைத்து, மேலே தூக்கி, இடித்து மாவாக்கி, பாதரசமும் சயனைடும் போட்டுப் பிரித்தால் சில கிராம் தேறும். அதற்காக மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை போனார்கள். அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். என் தகப்பனார் முப்பது வருஷத்துக்கு மேல் பூமிக்கடியில் வேலை பார்த்தார். தங்கத்தைத் தங்கமாக அவர் பார்த்தது நகைக்கடையில்தான்.

அதனால், மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அப்பா, இங்கே தங்கத்தைத் தரையிலிருந்து பொறுக்குகிறார்கள்" என்று அவன் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. பிறகு விக்டோரியா மாநிலத்தின் டனோலி, டார்னகுல்லா, வெடர்பர்ன் பக்கங்களில் காரில் சுற்றினோம். யூகலிப்டஸ் காடு, செம்மண், ஆங்காங்கே பழைய குழிகள். தலையில் தொப்பி, காதில் ஹெட்போன், கையில் நீண்ட கம்பு, கம்பின் முனையில் தட்டு மாதிரி ஒரு வளையம். ஒருவர் அதைத் தரைக்கு மேல் இடமும் வலமும் மெல்ல வீசிக்கொண்டே நடந்தார். எங்கள் வயசுக்காரர்தான், அவரும் ரிட்டயர் ஆனவர். அன்று காலையிலிருந்து அவருக்குக் கிடைத்தவை துருப்பிடித்த ஆணிகள், ஒரு பூட்ஸ் லாடம், துப்பாக்கி ஈயக் குண்டுகள் இரண்டு. "தங்கம்?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியை எடுத்துக் காட்டினார். பச்சரிசி அளவில் மூன்று துணுக்குகள். ஒரு மாதத்து உழைப்பாம்.

அந்தக் கருவியின் கதையே சுவாரசியமானது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே இன்னும் வராத காலம். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், கம்பிச்சுருளையும் டெலிபோன் ரிசீவரையும் சேர்த்து ஒரு கருவி செய்து கொண்டுவந்தார். உலோகம் அருகில் வந்தால் காதில் சத்தம் மாறும். ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த கட்டிலில் எஃகு ஸ்பிரிங் இருந்தது. போதாக்குறைக்கு, குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்ன டாக்டர், இடது பக்கம் சோதிக்க விடவில்லை. குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்துபோனார்.

இரண்டாம் உலகப் போரில் இதே தத்துவம் பிழைப்புக்கு உதவியது. போலந்து ராணுவ அதிகாரி ஜோசப் கோசாட்ஸ்கி, புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டுபிடிக்க, ஒரு ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய கருவியை வடிவமைத்தார். பேடண்ட் எதுவும் வாங்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் படைகள் முன்னேற அது வழி திறந்துவிட்டது. போர் முடிந்த பிறகு அதே வகைக் கருவிகள் மலிவாகி, இலேசாகி, பொழுதுபோக்குக்காரர்கள் கைக்கு வந்தன. ஒரு கம்பிச்சுருள் மாறிமாறிக் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்சுழல் உண்டாகி, பதிலுக்கு ஒரு சலனத்தைத் திருப்பி அனுப்பும். அதைத்தான் காது கேட்கிறது. விக்டோரியா மண்ணில் இரும்புச்சத்து அதிகம் என்பதால் வெறும் கல்லே தங்கம் மாதிரிக் கத்தும். அந்தப் பொய்ச் சத்தத்தை ஒதுக்கத் தெரிந்த கருவிகளை, அடிலெய்டில் தொடங்கப்பட்ட மைன்லேப் என்ற கம்பெனி 1990களில் செய்து வெளியிட்ட பிறகுதான் இந்தத் தொழில் சூடுபிடித்தது.

அதற்கு முன்பே ஒரு அதிர்ஷ்டம் நடந்திருந்தது. 1980 செப்டம்பரில் கெவின் ஹில்லியர் என்பவர் கிங்கோவர் என்ற குக்கிராமத்தில் டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்ட இடத்தைத் தோண்டினார். சுமார் ஒரு அடி ஆழத்தில் ஒரு கட்டி நட்டக்குத்தலாக நின்றது. எடை 27 கிலோவுக்கு மேல். நம் கணக்கில் ஏறக்குறைய 3,400 பவுன். "ஹேண்ட் ஆஃப் ஃபெயித்" என்று பெயர் வைத்தார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஒன்று அதை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. மெட்டல் டிடெக்டரால் கிடைத்த கட்டிகளில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. 1850களில் ஆயிரக்கணக்கான பேர் சல்லடை போட்டுச் சலித்த பூமி அது. அவர்கள் காலுக்கு ஒரு அடி கீழேயே அது இருந்திருக்கிறது.

ஆனால் எனக்கு ஆச்சரியம் கட்டியின் எடை அல்ல. அதை எடுத்தவரே அதை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்! "மைனர்ஸ் ரைட்" என்று ஒரு அனுமதிச் சீட்டு. சொற்பப் பணம் கட்டினால் பத்து வருஷத்துக்குச் செல்லும். அரசு நிலத்தில், அனுமதித்த இடங்களில், கைக்கருவிகளை மட்டும் வைத்துத் தேடலாம். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். கிடைத்தது உங்களுடையது.

இந்தச் சீட்டு சும்மா வரவில்லை. 1851இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், பத்தே வருஷத்தில் விக்டோரியாவின் ஜனத்தொகை 77,000இலிருந்து 5,40,000 ஆனது. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் லைசென்ஸ் கட்ட வேண்டும் என்றது அரசாங்கம். கட்டாதவர்களைப் போலீஸ் வேட்டையாடியது. ஓட்டுரிமையும் கிடையாது. பல்லாரட்டில் லைசென்ஸ் காகிதங்களைக் கொளுத்தினார்கள், மரக்கட்டைகளால் யுரேக்கா என்ற இடத்தில் அரண் கட்டினார்கள். 1854 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ராணுவம் புகுந்து சுட்டது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். பிறகு பதின்மூன்று பேர் மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். ஜூரிகள் ஒருவர் பாக்கியில்லாமல் விடுதலை செய்துவிட்டார்கள். அடுத்த வருஷமே மாத லைசென்ஸ் ஒழிந்தது. வருஷத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் தோண்டும் உரிமை, கூடவே ஓட்டுரிமை. அதுதான் இந்தச் சீட்டு.

எல்லோருக்கும் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதே 1855இல், கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனனுக்கும் பத்து பவுண்டு வரி போட்டார்கள். அவர்கள் பக்கத்து மாகாணத்தில் ரோப் என்ற துறைமுகத்தில் இறங்கி, நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்கவயலுக்கு வந்தார்கள். மண்ணுக்குச் சொந்தக்காரர்களான ஜா ஜா வுரங் ஆதிகுடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களின் ஓடைகளும் கிழங்கு விளைந்த புல்வெளிகளும் குழிகளாகிப் போயின. தலைகீழாகப் புரட்டிப் போட்ட பூமி என்று அவர்கள் அதைச் சொல்கிறார்கள்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். கோலாரில் 1880களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தபோது, வடஆற்காடு, சேலம் பக்கத்து ஏழைகள்தான், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், குடும்பம் குடும்பமாகப் போய்ச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 1897இல் மைசூர் அரசு கொண்டுவந்த சுரங்கச் சட்டப்படி, கணக்குச் சொல்ல முடியாத தங்கக் கல் கையில் இருந்தாலே குற்றம். 1930இல் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்றபோது, எங்கள் தாத்தா தலைமுறை மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தது. "தங்கம் எடுக்குறவனை விட்டுட்டு ரேகையை எடுக்குறாங்க" என்று தாத்தா சொல்வாராம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு மேடு மட்டும் இருக்கிறது. காற்றடித்தால் இன்றும் தூசி வீட்டுக்குள் வந்து படியும்.

நானும் மகனும் டனோலியிலிருந்து மொலியாகல் போனோம். 1869 பிப்ரவரி 5ஆம் தேதி, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த ஜான் டீசன், ரிச்சர்டு ஓட்ஸ் என்ற இரண்டு தொழிலாளர்களுக்கு அங்கேதான் "வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்" கிடைத்தது. உலகத்தில் இதுவரை கிடைத்த மிகப் பெரிய தங்கக் கட்டி. மரத்தின் வேர்ப்பக்கம், மண்ணுக்குக் கீழே ஒரு அங்குலத்தில் இருந்தது. சுத்தத் தங்கமாகவே எழுபது கிலோவுக்கு மேல். அதை நிறுக்க டனோலி பாங்கியில் தராசு இல்லை. கொல்லரைக் கூப்பிட்டுப் பட்டறைக்கல்லில் வைத்து மூன்று துண்டாக உடைத்தார்கள். போட்டோ எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. உருக்கி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். கிடைத்த பணம் 9,381 பவுண்டு. யாரும் அவர்களைச் சோதனை போடவில்லை, பங்கு கேட்கவில்லை. டீசன் தன் பங்கில் பெரும்பகுதியை மறுபடியும் சுரங்க முதலீடுகளில் விட்டுவிட்டு, மொலியாகல் பக்கத்திலேயே ஒரு பண்ணையில் காலம் தள்ளினார். ஓட்ஸ் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியோடு திரும்பிவந்து விவசாயம் பார்த்தார்.

கட்டி கிடைத்த இடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. இரண்டு தொழிலாளர்களின் அதிர்ஷ்டத்துக்கு அந்த ஊர் வைத்த ஞாபகச் சின்னம். அதை நட்ட வருஷம் 1897.