தருக்கம் விளையாட்டான வரலாறு: காஞ்சியிலிருந்து சிறுசேரி வரை

தமிழ்நாட்டு அரசு 2018-19 கல்வியாண்டில் வெளியிட்ட ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடநூலில், முதல் பருவத்தின் கடைசி இயலுக்குத் ‘தகவல் செயலாக்கம்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் கணினிப் பாடம் போலத் தோன்றும். உள்ளே கணினிக்கு வேலையே இல்லை. வரிசைப்படுத்துவது, வழிகளை எண்ணிப் பார்ப்பது, கொடுத்த நிபந்தனைக்குள் நின்று விடை தேடுவது போன்றவைதான் அந்த இயலின் சரக்கு. மறு ஆண்டு வந்த ஏழாம் வகுப்பு நூலில், நான்கு சதுரங்களை ஒட்டி அமைக்கும் டெட்ரோமினோ வடிவங்கள் இடம்பெற்றன. எட்டாம் வகுப்பில் நிலப்படத்துக்கு வண்ணமிடுதலும் ரகசியக் குறியெழுத்தும் வந்தன. புதிர் வழியே தருக்கம் பழகும் முறை இப்படித்தான் அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பாடமாக வந்து சேர்ந்தது. எந்த வழியாக வந்தது என்று தேடினால், பாதி விடை பழைய மகாபலிபுரம் சாலையோரச் சிறுசேரியில் கிடைக்கிறது.

மீதிப் பாதி மிகப் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சிக்கு வந்து சேர்ந்த மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நூல், அதாவது தருக்கம், உபதேசிக்கிறார். பக்கம் (மேற்கோள்), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று கூறு கூறாகப் பிரித்து, எந்த இடத்தில் வாதம் போலியாகிறது என்பதையும் பட்டியலிடுகிறார். புகை கண்டு நெருப்பை அறியும் எடுத்துக்காட்டு அங்கே உண்டு. ஓர் இளம்பெண்ணுக்கு உய்த்தறிதலின் இலக்கணத்தை முறையாகக் கற்பிக்கும் காட்சி ஒரு காப்பியத்தில் இருப்பது சாதாரணமல்ல. ஆனால் அது துறவை நோக்கித் திரும்பியவளுக்கான பாடம். பிற சமயத்தாரை வாதில் எதிர்கொள்ளும் தேவை அதன் பின்னால் நின்றது. குழந்தைக்கு அங்கே இடமில்லை, விளையாட்டுக்கும் இல்லை.

குழந்தை இருந்த இடம் திண்ணைப் பள்ளி. அங்கே எண்சுவடி ஒப்பித்தலே ஆட்சி செய்தது. வாய்பாடு நாக்கில் ஏறிய பிறகு, காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களின் வழிவந்த கணக்குகள் வரும். பலாக்காயின் காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை வரும் என்கிற கணக்கைப் பலரும் கேட்டிருப்பார்கள். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. எனினும் அது விதி. ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று மாணவன் கேட்பதற்கான இடைவெளியை அந்த விதி விடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளைக்கு நெல்லளக்கவும் நிலமளக்கவும் உடனடி விடைதான் வேண்டியிருந்தது.

ஏன் என்ற கேள்வி உயிரோடு இருந்தது ஆடுபுலி ஆட்டத்தில். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று சந்திகள். ‘இந்த மூலையில் ஆட்டை வைத்தால் புலி அந்தப் பக்கம் தாண்டும், தாண்டினால் அடுத்த ஆடும் போகும், ஆகவே முதலில் அந்தப் பக்கத்தை அடைக்க வேண்டும்’ என்று தரையில் கோடு கிழித்து ஆடும் சிறுவன் மனத்துக்குள் ஓட்டுவது சுத்தமான உய்த்தறிதல். அதை யாரும் கல்வி என்று சொல்லவில்லை, ஆடியவனும் சொல்லவில்லை. தருக்கம் மடத்தில், கணக்கு திண்ணையில், ஆட்டம் தெருவில். மூன்றும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்பதே என் வாசிப்பு.

மேற்கிலும் தருக்கமும் விளையாட்டும் சேர்வது தாமதமாகத்தான் நடந்தது. லூயிஸ் கரோல் 1886இல் தருக்க விளையாட்டு பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, கூடவே ஓர் அட்டையையும் ஒன்பது வில்லைகளையும் உறையில் போட்டுத் தந்தார். நான்கு சிவப்பு, ஐந்து சாம்பல் நிறம். அரிஸ்டாட்டிலின் முக்கூற்று வாதத்தைச் சிறுமியர் வில்லை நகர்த்திப் பழக வேண்டும் என்பது அவர் ஆசை. தருக்கவியலாளர் ரேமண்ட் ஸ்மல்யன் உண்மையே பேசுபவர், பொய்யே பேசுபவர் என்ற இருவகை மாந்தரை வைத்து ஒரு புதிர்த் தொகுப்பே எழுதியது 1978இல்.

தமிழ்நாட்டில் முதல் இணைப்பைச் செய்தவர்கள் கணக்கு வாத்தியார்கள். இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965இல் தோன்றியது. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பி.கே.சீனிவாசன் கையால் செய்து பார்க்கும் கணக்கை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அவர் முயற்சியால் உருவானது. அடுத்த அலை தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980இல் தொடங்கிய இவ்வியக்கம் 1987 முதல் சிறுவர்க்காகத் ‘துளிர்’ இதழை நடத்துகிறது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கும் புதிர் கிடைக்க இத்தகைய இதழ்கள் உதவின.

சிறுசேரிக்கு வருவோம். கணிதவியலாளர் சி.எஸ்.சேஷாத்ரி 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ்த் தொடங்கிய கணிதப் பள்ளியே பின்னர் சென்னைக் கணிதவியல் கழகம் ஆனது. தியாகராய நகரிலிருந்து 2005இல் சிறுசேரி சிப்காட் வளாகத்துக்கு இடம் மாறியது. மென்பொருள் நிறுவனங்களுக்கு நடுவே, தூய கணிதமும் தருக்கமும் கணினிக் கோட்பாடும் பேசும் ஒரு வளாகம். ஊர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் செங்கல்பட்டு. அறவண அடிகளின் காஞ்சியோடு இந்த வளாகத்தை வருவாய்த் துறையாவது சில காலம் இணைத்து வைத்திருந்தது.

இக்கழகத்தின் மாதவன் முகுந்த் தேசிய ஒருங்கிணைப்பாளராக இருந்து நடத்திய இந்தியக் கணினி ஒலிம்பியாடு நம் பொருளுக்கு நேரடியாக வேண்டியது. சர்வதேச ஒலிம்பியாடு 1989இல் பல்கேரியாவில் தொடங்கியது. இந்தியா 2002இல் சேர்ந்தது. ஆனால் கணினி வசதியே இல்லாத பள்ளி மாணவனை எப்படிச் சோதிப்பது? மண்டல அளவில் பென்சிலும் தாளும் போதும் என்று முடிவாயிற்று. பல ஆண்டுகள் கேள்விகளின் அமைப்பு இப்படி இருந்தது: ஒரு கதை, ஒரு விதி, மூன்று தரவுகள். சின்னத் தரவைக் கையால் எண்ணியே முடித்துவிடலாம். பெரிய தரவுக்கு அந்த வித்தை பலிக்காது. மாணவன் ஒழுங்கு ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். கேள்வித்தாளே ஆசிரியராக மாறும் இந்த உத்தியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் போட்டி என்பது சிலருக்கானதுதான். எல்லாருக்குமாக்கியது வேறொரு கை. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.ராமானுஜம் தருக்கவியல் ஆய்வாளர், அறிவியல் இயக்கத்துக்காரரும்கூட. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்கான கணிதக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அக்குழு, கணக்குப் பாடத்தின் முதன்மை நோக்கம் குழந்தையின் சிந்தனையைக் கணிதப்படுத்துவதே என்று வரையறுத்தது. மு.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான பாடத்திட்டக் குழுவின் வழியில் தமிழ்நாடு 2018இல் புதிய நூல்களைக் கொண்டுவந்தபோது, கணக்கு நூல்களுக்கு வழிகாட்டியவர்களில் ராமானுஜமும் ஒருவர். தெருவும் திண்ணையும் தருக்கமும் ஒரே அட்டைக்குள் வந்தன. புதிர், விளையாட்டு வழியே கணிப்புச் சிந்தனை வேண்டும் என்று ஒன்றிய அரசின் தேசியக் கல்விக் கொள்கை சொன்னது 2020இல். அந்தக் கொள்கையை ஏற்காத மாநிலம் இதை அதற்கு முன்பே அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

வகுப்பில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் அமைத்த ஒரு புதிர். டப்பாவிலிருந்த கடைசி முறுக்கை மூவரில் ஒருவர் தின்றாயிற்று. ‘நான் எடுக்கலை’ என்கிறாள் ராணி. ‘ராணிதான் எடுத்தா’ என்கிறான் பீட்டர். ‘நான் எடுக்கவே இல்லை’ என்கிறாள் அமீனா. மூவரில் ஒருவர் சொன்னது மட்டுமே உண்மை. யார் தின்றது?

பெரும்பாலும் முதலில் வரும் விடை ராணி. இரண்டு பேர் பேச்சும் அவளைப் பற்றியே இருக்கிறது என்பதே காரணம். அது ஊர்ப்பேச்சின் தருக்கம். அடுத்த நிலை, ஒவ்வொருவரையும் திருடராக வைத்துச் சரிபார்ப்பது. அதுவும் சரியான வழிதான். மூன்றாவது நிலைதான் அழகு. ராணியும் பீட்டரும் சொல்வது நேர் எதிர். ஆகவே அவர்களில் ஒருவர் சொன்னது உண்மையாகியே தீரும். இருப்பது ஒரே உண்மை. அது அங்கேயே செலவாகிவிட்டது. அப்படியானால் அமீனா சொன்னது பொய், முறுக்கு அவள் வயிற்றில். முரண்பட்ட இரு கூற்றுகளைக் கண்டதும் அவற்றை ஜோடியாக ஒதுக்கிவைக்கும் இந்தப் பழக்கம், பின்னால் வடிவியல் நிரூபணத்திலும் நிரல் எழுதும்போதும் கைகொடுக்கும். விடையை மட்டும் வாங்கிக்கொண்டு ‘சபாஷ்’ சொல்லும் ஆசிரியர் இந்த மூன்று நிலைகளையும் பார்க்காமலே போய்விடுவார்.

இந்த வரலாற்றின் பலவீனமான இடமும் அதுதான். விடைக்கு மதிப்பெண், காரணத்துக்கு மதிப்பெண் இல்லை என்றால் புதிரும் இன்னொரு வாய்பாடாகிவிடும். அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. தகவல் செயலாக்கம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பு நூலில் கணமொழி இருக்கிறது, நிகழ்தகவு இருக்கிறது, புதிர்வழித் தருக்கத்துக்கு ஓர் இயல் இல்லை, பத்திலும் இல்லை. அடுத்த பாடநூல் திருத்தத்தில் இந்த இயலைப் பத்தாம் வகுப்புவரை நீட்டி, பொதுத்தேர்வில் காரணம் எழுதச் சொல்லும் ஒரு கேள்வியையாவது பாடத்திட்டக் குழு சேர்க்க வேண்டும்.