சூட்கேஸில் ‘ஹெவி’ டேக் ஒட்டுவது எதுக்கு? ஏர்போர்ட் லோடர்களின் முதுகுவலிக்குப் பின்னால் இருக்கும் 23 கிலோ கணக்கு!

விமான நிலையத்தில் செக்-இன் செய்யும்போது சில பெட்டிகளில் மட்டும் ‘ஹெவி’ என்ற டேக் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கூடுதல் கட்டணம் கட்டியதற்கான அடையாளம்னு பலரும் நினைக்கிறாங்க. ஆனால், அது அந்தப் பெட்டியைத் தூக்கப்போகும் லோடருக்கான எச்சரிக்கை. ‘பார்த்துத் தூக்கு, முடிஞ்சா இரண்டு பேரா தூக்கு’ என்பதுதான் அதன் அர்த்தம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து, திரிசூலத்தில் இறங்கி ஏர்போர்ட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் உடலுக்கு அதிக சுமை தரும் வேலைகளில் ஒன்று லோடர் வேலை.

23 கிலோ என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

வெளிநாட்டு விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது பரவலான வரம்பு. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நியோஷ், எடை தூக்குவதற்கு வகுத்த சூத்திரமும் 23 கிலோவில்தான் தொடங்குகிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. எடை உடலை ஒட்டி இருக்கணும், இடுப்பு உயரத்தில் இருக்கணும், உடம்பைத் திருப்பக் கூடாது.

எடை உடலிலிருந்து தள்ளிப்போனால் வரம்பும் குறையும். கால்களிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் 23 கிலோ என்றால், 50 சென்டிமீட்டர் தூரத்தில் அது பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும்.

விமானத்துக்குள் என்ன நடக்கிறது?

உள்நாட்டுப் பயணத்துக்கு அதிகம் பயன்படும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 விமானங்களின் சரக்கு அறை உயரம் சுமார் நான்கு அடிதான். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. லோடர் முழங்காலிட்டோ, குனிந்தோ, பெட்டியை வாங்கி, இடுப்பைத் திருப்பி, கையை நீட்டி அடுக்க வேண்டும்.

முழங்காலிட்டு, நெருக்கடியான இடத்தில் தூக்கும் வேலைக்குத் தங்கள் சூத்திரமே பொருந்தாது என்கிறது நியோஷ். அதாவது, சரக்கு அறைக்குள் 23 கிலோ என்பது பாதுகாப்பான அளவே கிடையாது.

180 பேர் பயணிக்கும் விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ லக்கேஜ் என்றாலே 2,700 கிலோ. விமானம் அடுத்த பயணத்துக்குக் கிளம்புவதற்குள், வந்த லக்கேஜை இறக்கி, போகும் லக்கேஜை ஏற்றி முடிக்கணும்.

இடுப்பு பெல்ட் போட்டால் போதுமா?

போதாது. பெல்ட் அணிவதால் காயம் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994-லேயே சொல்லிவிட்டது. பெல்ட் இருக்கு என்ற தைரியத்தில் அதிக எடை தூக்கும் ஆபத்தும் உண்டு.

அப்போ எதுதான் தீர்வு?

* சரக்கு அறையின் உள்ளே வரை நீளும் கன்வேயர் பெல்ட். பெட்டி லோடரின் கைக்கே வந்துவிடும்.
* உள்ளே அடுக்குபவரும் வெளியே ஏற்றுபவரும் முறை வைத்து இடம் மாறுவது.
* விமானங்களுக்கு இடையே கட்டாய ஓய்வு, தேவையான ஆள் எண்ணிக்கை.
* முழங்கால் பேடு.

வலி வந்தால் என்ன செய்யணும்?

தூக்கும்போது ‘சுளுக்’கென்று பிடித்தால், அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். இஎஸ்ஐ உறுப்பினருக்கு, வேலையில் நடந்த விபத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாவிட்டால் சம்பளத்தில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இத்திட்டத்தில் வருவார்கள். ஆனால் மாதக்கணக்கில் மெல்ல வளரும் வலிக்குத் தேதி கிடையாது; வேலையால் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம். அதனால் முதல் வலியிலேயே டாக்டரிடம் காட்டி, சீட்டைப் பத்திரப்படுத்துவது நல்லது.

வலி காலுக்கு இறங்குவது, மரத்துப்போவது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. பாதம் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பயணிகள் என்ன செய்யலாம்?

30 கிலோவை ஒரே பெட்டியில் திணிக்காமல், அனுமதி இருந்தால் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. கைப்பிடி உடைந்த பெட்டியைத் தவிர்க்கலாம். கவுன்ட்டரில் நாம் ஒரு தடவை தூக்கி வைக்கும் பெட்டியை, அதன்பின் யாரோ சிலர் குனிந்தபடியே தூக்க வேண்டியிருக்கும்.