வெலிக்கடைக்கும் அங்கொடைக்கும் நடுவே

கொழும்பில் மருதானையைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் பொரளையில் ஆங்கிலேயர் 1841இல் வெலிக்கடைச் சிறையைக் கட்டினார்கள். மனநோயாளருக்கான காப்பகமும் 1847இல் அதே பொரளையில்தான் திறக்கப்பட்டது. குற்றமும் நோயும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தால் அவரை எங்கே அடைப்பது என்பதே அன்றைய நிர்வாகத்தின் கவலை. 1883இன் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 77ஆம் பிரிவு, இங்கிலாந்தின் 1843 மக்னோட்டன் விதியை ஒட்டி, தான் செய்வது இன்னதென்று அறிய முடியாதபடி சித்தம் கலங்கியவரின் செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. அப்படி விடுவிக்கப்பட்டவர் வீடு திரும்பவுமில்லை. காவலில் இருந்தபடி தேசாதிபதியின் கட்டளைக்குக் காத்திருந்தார். 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையிலோ தேசாதிபதியின் இடத்தில் அமைச்சர் இருக்கிறார்.

இந்த ஏற்பாட்டில், ஆடு திருடியவருக்கும் பெண்ணை வல்லுறவுக்கு உட்படுத்தியவருக்கும் வழி ஒன்றுதான். நோயைக் கண்ட சட்டம், செய்த குற்றத்தின் தன்மையைச் சிகிச்சைக்குரிய விடயமாகக் காணவில்லை. காப்பகம் கறுவாத்தோட்டத்துக்கும், 1920களில் அங்கொடைக்கும் இடம்பெயர்ந்தது. 1937இல் வந்து பார்த்த லண்டன் மருத்துவர் எட்வர்ட் மாப்போதரின் கண்ணில் பட்டது அங்கிருந்த நெரிசல். 1950களில் வந்த மருந்துகள் பிரமைகளை அடக்கின. நோயாளி தேறினார் என்று சொல்ல முடிந்தது. ஆனால் பாலியல் குற்றத்தில் பிரமையின் கட்டளைக்கு மட்டும் பணிந்தவர்கள் சிலரே. போதைப் பழக்கம், நோய்க்கு முன்பே வேரூன்றிய வன்முறை, நெருங்கிய உறவுகளில் தடுமாற்றம், பெண்ணைப் பற்றிய வக்கிரமான எண்ணம் ஆகியவையும் பலரிடம் சேர்ந்திருக்கும். மாத்திரை இவற்றைத் தொடுவதில்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 1995 திருத்தம் வல்லுறவுக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை என்றது. அது அவசியமான திருத்தம்தான். ஆனால் நோயுற்ற குற்றவாளிக்கு என்ன சிகிச்சை என்ற கேள்வியை அது தொடவேயில்லை.

சிகிச்சை என்ற பெயரில் குற்றவாளி தப்பிக்கொள்வார் என்பார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று எழும் அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் முடிவு தெரியாத காவல் சலுகையல்ல. நோயை மட்டும் ஆற்றி, குற்றத்துக்கு வழிவகுத்ததை அப்படியே விட்டு வெளியே அனுப்புவதே ஆபத்து. மனநோயாளர் எல்லோரையும் காமுகராக்குகிறோமே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. பாலியல் குற்றவாளிகளில் பெரும்பான்மையோருக்குக் கடும் மனநோய் இல்லை; மனநோய் கண்ட பெண்களோ பல வேளைகளில் பாதிக்கப்பட்டவர்களாகவே இருக்கிறார்கள். அதனாலேயே, பாலியல் குற்றமும் கடும் மனநோயும் சேர்ந்த இந்தச் சிறு தொகையினரைத் தனியே இனங்காண வேண்டும். அமைச்சருக்குப் போகும் அறிக்கையில் பிரமை அடங்கியதா என்பதோடு, அந்த மனிதர் எந்தச் சூழலில் மீண்டும் தீங்கு செய்யக்கூடும், வெளியே வந்தபின் யார் கண்காணிப்பார், பாதிக்கப்பட்டவருக்கு யார் அறிவிப்பார் என்பவையும் எழுதப்பட வேண்டும்.