தரம் பார்த்தல்: காசும் உடலும்

சங்கப் புலவர்கள் சிலருடைய பெயரோடு 'வண்ணக்கன்' என்றொரு சொல் ஒட்டிக்கொண்டு வரும். வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார். எம்.ஏ. வகுப்பில் 'நாணயச் சோதகர்' என்று ஒரு வரியில் பொருள் சொல்லிவிட்டுப் பாட்டுக்குள் போய்விடுவார்கள். பிற்காலத்தில் இதே வேலையைச் செய்தவனுக்கு நோட்டக்காரன் என்று பெயர். இன்றும் 'நோட்டம் விடுறான்' என்று நாம் சந்தேகத்தோடு சொல்வது காசு பார்த்த அந்தக் கண்ணைத்தான். வண்ணக்கனும் நோட்டக்காரனும் கேட்ட கேள்வி ஒன்றே: இந்தக் காசு செல்லுமா? எடை சரியா, மாற்று சரியா, அவ்வளவுதான். கைமாறுவதற்காகப் பார்த்த பார்வை அது.

பழங்காசு சேகரிப்பவன் கேட்கும் கேள்வி இதற்கு நேர் எதிரானது. இந்தக் காசு எவ்வளவு கைமாறாமல் இருந்திருக்கிறது என்பதே அவன் கேள்வி. தரம் பார்த்தல் என்ற நவீனக் கலை முழுவதும் இந்தத் தலைகீழ் மாற்றத்தின்மேல் நிற்கிறது என்பது என் வாதம்.

முதலில் அந்தக் கலைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு கடுமையான வாசிப்புப் பயிற்சி. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். விளிம்பில் பிடித்து, ஒரே விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். புழங்காத காசாக இருந்தால் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒளி அதன்மேல் சுற்றிவரும். தேய்மானம் முதலில் மேட்டில்தான் விழும் - கிரீடம், காது, மீசை, அங்கியின் சித்திர வேலை. (அங்கியிலிருக்கும் யானை 1911ஆம் வருடத்து ரூபாயில் பன்றி மாதிரித் தெரிந்ததால் கலவரம் பயந்து காசையே திரும்பப் பெற்றது சர்க்கார். அடுத்த வருடம் யானைக்குத் துதிக்கை நீண்டது.) ஆனால் மேடு மழுங்கியிருப்பதெல்லாம் தேய்மானம் ஆகிவிடாது. அச்சு முழுசாக இறங்காமலேயே அடிபட்ட காசும் மழுங்கித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிவதில்தான் பழகிய கண்ணும் பழகாத கண்ணும் விலகுகின்றன. மழுங்கிய இடத்திலும் ஒளி உருண்டால் அது அச்சின் குறை. அங்கே ஒளி செத்து, சாம்பல் படர்ந்திருந்தால் அது கைகளின் வேலை. அடுத்தது, துலக்கிய காசு. நம் வீடுகளில் புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள், பளபளவென்று இருக்கும். சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். சேகரிப்பாளன் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான். ஏட்டில் சிதைவு எது, எழுதியவன் பிழை எது என்று பிரிக்கிற பதிப்பாசிரியனுக்கு இதெல்லாம் புதிதல்ல.

சிக்கல் பார்வையில் இல்லை, பார்வை எண்ணாக மாறும் இடத்தில் இருக்கிறது. இன்று உலகச் சந்தை முழுக்கப் புழங்குவது 1 முதல் 70 வரையிலான அளவுகோல். 1 என்றால் என்ன காசு என்று மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது. 60-க்கு மேல் புழங்காதது. 70 என்றால் குறையே இல்லாதது. அதென்ன எழுபது? நூறு வைத்திருக்கலாமே? வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல் வெளியிட்ட, பழைய அமெரிக்கச் செம்புச் செண்டுகள் பற்றிய நூலில் இது அறிமுகமாகிறது. ஆகத் தேய்ந்த செண்டின் விலையை அடிப்படை என்று கொள். அதைத் தர எண்ணால் பெருக்கு. விலை வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. ஒரு டாலர் அடிப்படை என்றால் ஆகச் சிறந்தது எழுபது டாலர். அதாவது அந்த எண் உலோகத்திலிருந்து வந்ததல்ல, அன்றைய கடைவிலையிலிருந்து வந்தது. சில வருடங்களில் விலைகள் எங்கோ போய்விட்டன, வாய்ப்பாடு செத்துப்போனது. எண் மட்டும் சாகவில்லை. 1977-இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் இந்த எண்களை ஏற்று அதிகாரபூர்வ வரையறையே வெளியிட்டது. விலையின் நிழலாகப் பிறந்தது பொருளின் குணமாக உருமாறிவிட்டது. கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேண்டுமா?

யார் இந்த ஷெல்டன் என்று தேடிப்போனால் கதை இன்னும் இறுகுகிறது. அவருடைய தொழில் உளவியல். மனித உடல்களைப் பருத்தது, திண்ணியது, மெலிந்தது என்று மூன்று கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுத்து, அந்த எண்ணிலிருந்து குணத்தையே படித்துவிடலாம் என்றவர். 1940-இலும் 1942-இலும் இதற்கான நூல்கள் வந்தன. காசு நூல் அதற்குப் பிறகுதான். அமெரிக்காவின் பேர்பெற்ற கல்லூரிகளில் மாணவ மாணவியரை நிர்வாணமாக நிற்க வைத்து எடுத்த 'நிற்கும் நிலை'ப் படங்கள் அவருடைய ஆராய்ச்சிக்குத் தீனி. 1995-இல் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் இது விரிவாக வெளிவந்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. அவர் இனமேம்பாட்டுவாதி என்பதும் மறைவான செய்தியல்ல. 1977-இல் அவர் இறந்தபின் இன்னொன்றும் தெரியவந்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல செண்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். வழக்கு தொண்ணூறுகளில் கலிபோர்னியா நீதிமன்றம்வரை போனது. தரம் பார்க்க உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு, எதை எடுக்க வேண்டும், எதை வைத்தால் தெரியாது என்பதும் தெரிந்திருந்தது.

'அமெரிக்கக் கிறுக்கு' என்று தள்ளிவிட முடியாதபடி, எழும்பூரிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். ஏழு தொகுதிகளாக 1909-இல் வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலின் ஆசிரியராகவே அவரை அறிவோம். இடுக்கிமாதிரிக் கருவியை வைத்து மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்தியவர். அதே தர்ஸ்டன் அருங்காட்சியகத்தின் ரோமானிய, இந்தோ-போர்த்துகீசிய, இலங்கைக் காசுகளுக்குப் பட்டியல் தயாரித்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளின் வரலாற்றை 1890-இல் எழுதினார். ஷெல்டனுக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இருந்ததென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் காசைத் தட்டில் அடுக்கிய கையே உடலையும் அடுக்கியது என்பது இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது. அளக்கப்படும் பொருளுக்கு வாய் கிடையாது என்பது அடுக்குகிறவனுடைய முதல் அனுமானம். காசைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

1986-87-இல் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் வந்தபின் காசு பிளாஸ்டிக் கூட்டுக்குள் போனது. மேலே எண், உள்ளே காசு. தொடவும் முடியாது. 64-க்கும் 65-க்கும் இடையில் சில காசுகளில் ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம். ஆகவே கூட்டை உடைத்து அதே காசைத் திரும்ப அனுப்பி, இன்னொரு எண் விழுமா என்று பார்ப்பது ஒரு தனிப் பிழைப்பாகவே ஆகிவிட்டது. சமயத்தில் விழவும் செய்கிறது. மனிதக் கண்ணின் ஊசலாட்டத்தைத் தீர்க்க 1990-இல் பி.சி.ஜி.எஸ். கணிப்பொறியை வைத்தும் பார்த்தது, நிலைக்கவில்லை. காசை வாங்காதே, எண்ணை வாங்கு என்பதே சந்தையின் மறைமுக ஆணை. கண்ணைப் பழக்கிக்கொண்டவனுக்கு மட்டும் இந்த ஆணையை மீற ஒரு சிறிய இடம் இருக்கிறது. தரம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வியாபாரியாக அல்ல, ஏமாறாதவனாக.

இந்த அளவுகோலில் எவை கீழே விழுகின்றன என்று பாருங்கள். காது வைத்துப் பற்றவைத்துக் காசுமாலையில் கோத்த ரூபாய் சேதம். சராப்பு சோதித்து முத்திரை குத்திய ரூபாய் சேதம். முந்தானையில் முடிந்து, உண்டியலில் விழுந்து, கூலியாய்க் கைக்கு வந்து கந்துவட்டிக்குப் போன காசு பத்தோ பன்னிரண்டோ வாங்கும். எழுபது வாங்குவது எந்தக் கூலிக்காரன் கையிலும் படாத காசு. காசு எதற்காக அடிக்கப்பட்டதோ அதைச் செய்யாமல் இருந்ததற்கான பரிசு அது.

1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. தேய்ந்து எடை குறைந்தவற்றைச் செலாவணியிலிருந்து நீக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். உள்ளே மட்டமான உலோகம் இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள் என்பது இன்னொன்று. இரண்டில் எது சரியானாலும் அந்த வெட்டு ஒரு தரம் பார்த்தல்தான். நம் வண்ணக்கன்களைப் போன்ற யாரோ ஒருவன் காசிலேயே எழுதிவைத்த தீர்ப்பு. இன்றைய ஏலப் பட்டியல்களில் இப்படிப்பட்ட வெட்டுக்கு 'சோதனை வெட்டு' என்று குறிப்பு போட்டு, விலையைக் குறைத்து விற்கிறார்கள்.