கோடரி இல்லாமல் ஒரு கொலை!

1920-களில் கலிஃபோர்னியா ரெட்வுட் காடுகளுக்குக் கார்கள் படையெடுத்தன. கண்ட இடத்தில் நிறுத்தி, கூடாரம் அடித்தார்கள். யாரும் கோடரி தூக்கவில்லை. ஆனாலும் மரங்களுக்கு ஆபத்து!

தாவர நோய் நிபுணர் எமிலியோ மைனெக்கெ ஆராய்ந்தார். குற்றவாளி கிருமியல்ல, மனுஷக் காலும் கார் சக்கரமும்தான்! மிதிபட்ட மண் இறுகிப்போனால் வேருக்குக் காற்றேது, தண்ணீரேது?

1932-ல் அவர் தந்த திட்டம் எளிமையானது. ஒருவழி வளையப் பாதை, கார் நிறுத்த ஆளுக்கொரு ஒதுக்கிடம், நிலையான மேஜை, அடுப்பு, மீறாதிருக்கப் பாறைத் தடுப்பு. 'இது உங்க இடம்' என்று எண் போட்டு முன்பதிவு செய்ய இன்று முடிவது, இப்படி இடம் பிரித்ததால்தான். பெருங்கூட்டமாக வந்தால் அதற்கென உள்ள குழுத் தளத்தைத்தான் கேட்கணும். அடுத்தவர் இடத்துக்குள் குறுக்கே நடக்காதிருப்பது வெறும் மரியாதை இல்லீங்க... காலுக்கடியில் ஒரு வேர் மூச்சு விடுகிறது!